யாரைப் போய்ச் சேர்கிறது புத்தகம்?

ஒரு நூலைத் தன் செலவில் அச்சிடுவது தமிழில் இன்று கடினமான காரியமில்லை. ஆஃப்செட் காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி போட்டால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சு வந்தபின் ஐம்பது பிரதிகூட எடுக்கலாம். தீர்ந்தால் மறுபடி ஐம்பது எடுத்துக்கொள்ளலாம். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள். எழுதியவரே பதிப்பாளராகவும் ஆகிவிடுகிறார்.

சிக்கல் அச்சு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் செய்வது ஒரே வரிசைதான். மண்டபம் பிடித்து ஒரு வெளியீட்டு விழா, முகநூலில் ஒரு மாதம் அட்டைப்படமும் விழாப் படங்களும், தெரிந்தவர்களிடம் மதிப்புரை கேட்பது, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் யாராவது ஒரு பதிப்பாளரின் அரங்கில் பத்துப் பிரதி வைப்பது. அதோடு முடிந்தது. மிச்சக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றன. இந்த வழிகளில் எது பயனுள்ளது, எது வழக்கத்துக்காகச் செய்யப்படுவது என்று யாரும் நின்று எடைபோடுவதில்லை. பல ஆண்டு உழைப்பும் கைக்காசும் இதில் போவதால், அப்படி எடைபோட்டே ஆக வேண்டும்.

எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது, எழுத்தாளரை அறியாத ஒருவரிடம் அந்த வழி நூலைக் கொண்டுசேர்க்கிறதா? இரண்டாவது, ஒரு பிரதியில் மிஞ்சும் பணம் அந்த வழியின் செலவைத் தாங்குமா? மூன்றாவது, நூல் வந்த இரண்டாம் ஆண்டிலும் அந்த வழி திறந்திருக்குமா? விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை முதல் அளவுகோலாக நான் வைக்கவில்லை. உறவினர் முகத்துக்காக வாங்கிப் பிரிக்காமல் வைத்த பிரதியும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

மூன்று முன்னோடிகள்

தன் நூலைத் தானே சுமந்து விற்கும் நிலை தமிழில் புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தார். அச்சுச் செலவுக்குக் கைப்பணம் போதாது. நூல் வந்ததும் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்த்தார். 1887-ல் நூல் வெளிவந்தபோது அதற்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பாரதி வேறு வழியை எண்ணினார். 1907-ல் அவருடைய மூன்று பாடல்களை, அரசியலில் எதிர் அணியில் இருந்த மிதவாதியான வி.கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அந்தப் பரவலைக் கண்ணால் கண்ட பாரதி 1920-ல் பெரிய திட்டம் ஒன்றைத் தீட்டினார். நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள், தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடுதோறும் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம். அதற்கான பணத்தை நண்பர்களிடம் வட்டிக்குக் கடனாகக் கேட்டுச் சுற்றறிக்கையும் அனுப்பினார். பணம் சேரவில்லை, 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். தன் வாசகர் எத்தனை பேர் என்பதில் அவர் கணக்குத் தப்பவில்லை என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. ஆனால் முதலில் பெரும் பணம் வேண்டும் என்ற இடத்தில் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று.

மூன்றாமவர் சி.சு.செல்லப்பா. 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தியவர், எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களும் போட்டார். அவற்றைத் தானே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்து விற்றார். எண்பத்தைந்து வயதை ஒட்டி, ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலையும் தாமே வெளியிட்டார். 1998-ல் அவர் மறைந்தார். 2001-ல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

முன்பதிவு, முதலீடு, நேரில் கொண்டுபோதல் என்று இந்த மூவரும் மூன்று வழிகளைக் காட்டினார்கள். இன்றைய எழுத்தாளர் செய்வது எல்லாமே இந்த மூன்றில் ஒன்றின் கிளைதான்.

வெளியீட்டு விழா

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம். 160 பக்க நூல், விலை 200 ரூபாய், 100 பிரதி அச்சிட ஒரு பிரதிக்கு 90 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் கையில் வருவது 120; அச்சுச் செலவு போக 30. கட்டு அனுப்பும் செலவில் அதிலும் பாதி கரையும். வாசகருக்கு நேரடியாகப் பத்து சதவீதத் தள்ளுபடியில் கொடுத்து, அஞ்சல் செலவு நாற்பதையும் நாமே ஏற்றால் 50 ரூபாய் மிஞ்சும். இந்த ஐம்பதுதான் விளம்பரத்துக்கும் அலைச்சலுக்கும் உள்ள முழுப் பணம்.

இப்போது விழாவை இந்தக் கணக்கில் வைப்போம். மண்டப வாடகை, பேச்சாளர்களின் பயணம், சால்வை, காபி, ஃபிளெக்ஸ் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆனால், அஞ்சல் செலவில்லாமல் அதே இடத்தில் பத்து சதவீதத் தள்ளுபடியில் 167 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். நம்மிடம் இருப்பதோ 100 பிரதி. வந்திருப்பவர்கள் உறவினர், அலுவலக நண்பர், சக எழுத்தாளர். பேச்சாளர்களில் சிலர் நூலை முழுதும் வாசித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பிரதி முந்தின வாரம்தான் அச்சகத்திலிருந்து வந்தது.

இலங்கையில் இந்த விழாவுக்கு வேறொரு பொருள் உண்டு. அங்கே எழுத்தாளரே தன் நூலைப் பதிப்பிப்பதுதான் நெடுங்கால வழக்கம். முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் ஊரின் வணிகர்களும் அன்பர்களும் விலைக்கு மேல் பணம் வைத்துப் பெற்றுக்கொள்வார்கள். அச்சுக்கடனில் பெரும்பகுதி அன்று மாலையே அடைபடும். உ.வே.சா. சேர்த்த கையொப்பத்தின் தொடர்ச்சி இது. ஒரு சமூகம் தன் எழுத்தாளருக்குக் கொடுக்கும் தோள். நிதி திரட்டும் ஏற்பாடாக அதை நான் மதிக்கிறேன். ஆயினும் அறியாத வாசகரிடம் நூல் போகிறதா என்ற கேள்விக்கு அங்கும் விழா விடை சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் மூன்று அளவுகோலிலும் விழா தோற்கிறது. அதைவிட நூல் வந்து மூன்று மாதம் கழித்து, வாசித்த நாலு பேர் பேசும் விமர்சனக் கூட்டம் மேல். நூலக அறையோ பள்ளி வகுப்பறையோ போதும்.

முகநூல், விளம்பரம், மதிப்புரை

முகநூலில் எழுத்தாளரின் நண்பர் பட்டியலில் பாதிக்கு மேல் சக எழுத்தாளர்களே இருப்பார்கள். அவர்களுடைய வாழ்த்து உண்மையானது. ஆனால் வாழ்த்தியவரெல்லாம் வாங்குவதில்லை. அட்டைப்படத்தையும் விழாப் படத்தையும் திரும்பத் திரும்பப் போடுவதால் வாசகர் நூலைப் பற்றி எதையும் தெரிந்துகொள்வதில்லை. நூலிலிருந்து ஒரு முழு அத்தியாயத்தையோ ஒரு கதையையோ போட்டால் அறியாதவர் ஒருவர் நின்று வாசிக்க வாய்ப்பு உண்டு. முகநூலில் நம்பத் தகுந்தது இந்த ஒன்றுதான்.

கட்டண விளம்பரம் முதல் நூலுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு சொடுக்குக்கு இரண்டு ரூபாய் ஆகி, ஐம்பது பேரில் ஒருவர் வாங்கினால்கூட ஒரு பிரதியை விற்க நூறு ரூபாய் போய்விடும். நம்மிடம் மிஞ்சுவதோ ஐம்பது. ஏழெட்டு நூல் வைத்திருப்பவருக்கு ஒரு வாசகர் மற்றவற்றையும் வாங்கக்கூடும் என்பதால் கணக்கு மாறலாம். ஒற்றை நூல்காரர் இதில் இறங்கவே கூடாது.

மதிப்புரையின் நிலை இன்னும் கவலை தருவது. இதழ்களுக்கு இரண்டு பிரதி அனுப்பிக் காத்திருக்கும் பழைய வழக்கம் தொடர்கிறது. மதிப்புரைக்கு இதழ்கள் தரும் இடமோ சுருங்கிவிட்டது. அந்த வெற்றிடத்தில், நீ என் நூலைப் புகழ், நான் உன் நூலைப் புகழ்கிறேன் என்ற கொடுக்கல் வாங்கல் நுழைந்திருக்கிறது. இதன் கேடு பெரிது. அப்படி ஒரு புகழுரையை நம்பி இருநூறு ரூபாய் கொடுத்து ஏமாந்த வாசகர், அடுத்து வரும் நல்ல நூலையும் தொடமாட்டார். எல்லா எழுத்தாளர்களுக்கும் பொதுவான நம்பிக்கையைச் சிலர் எடுத்துச் செலவழிக்கிறார்கள். நூலின் பொருளை அறிந்த இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, புகழும்படி கேட்காமல், வாசிக்கும்படி மட்டும் கேட்டு அனுப்பும் இருபது பிரதிகளே உண்மையான மதிப்புரைப் பிரதிகள்.

கிண்டில்

2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு வழி திறந்தது. அச்சுச் செலவில்லை, கிடங்கில்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அது நீடிக்கும் 90 நாளும் மின்னூலை வேறெங்கும் வைக்க முடியாது. அதில் ஐந்து நாள் வரை இலவசமாகத் தரலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழருக்கு நூல் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதல். அவர்களுக்கு இந்த வழியை விட்டால் வேறு எளிய வழியில்லை. இரண்டாம் ஆண்டில் மட்டுமின்றிப் பத்தாம் ஆண்டிலும் மின்னூல் அங்கேயே இருக்கும். மூன்றாம் அளவுகோலில் கிண்டில் முழு மதிப்பெண் பெறுகிறது.

குறை வேறிடத்தில். வாசகர் தரும் நட்சத்திர மதிப்பீட்டை நம்பி நூல் மேலே ஏறும் இடத்தில் நட்சத்திரம் கேட்டு அலையும் பழக்கமும் வந்துவிடுகிறது. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது என்பது அமேசானின் விதி. அதைப் பொருட்படுத்தாமல் வாட்ஸ்அப் குழுக்களில் ஐந்து நட்சத்திரம் கேட்பவர்கள் தங்கள் நூலின் பெயரைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். இலவச நாளில் இறங்கிய பிரதிகளை வாசிப்பாகக் கருதுவதும் தவறு. கிண்டிலில் நூல் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருப்பதாலேயே வாசகர் வந்துவிடமாட்டார்.

புத்தகக் காட்சியும் நூலகமும்

1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி தமிழ் வாசகரின் ஆண்டுத் திருவிழா. தனி எழுத்தாளருக்கு அங்கே சொந்த இடம் கிடைப்பது அரிது; பெரும்பாலும் வேறொருவர் அரங்கில் விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில்தான் நூலை வைக்கலாம். பல்லாயிரம் தலைப்புகளுக்கு நடுவே, பெயர் தெரியாத ஒருவரின் நூலை எடுத்துக்காட்ட அந்த அரங்குக்காரருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. காட்சி முடிவதற்குள் வர வேண்டும் என்று அவசரமாக, மெய்ப்புகூடச் சரியாகப் பார்க்காமல் நூலைக் கொண்டுவருவது பெரும் தவறு.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தனி எழுத்தாளருக்கு அது கூடுதல் பயன் தரும். சில இடங்களில் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களுக்குத் தனி அரங்கும் ஒதுக்குகிறார்கள். அங்கே எழுத்தாளரே நின்று, நூலைப் புரட்டுபவரிடம் பேச முடியும். அறியாத வாசகர் என்ற அளவுகோலுக்கு அதுவே பொருந்தும் இடம்.

நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் ஆணை, தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களின் பெரிய நம்பிக்கை. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டமும் அதன்வழி வரும் நூலக வரியும் இதற்கு அடித்தளம். 2024-ல் அரசு வெளிப்படையான கொள்முதல் கொள்கையை அறிவித்து விண்ணப்பத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது நல்ல மாற்றம். நூலகத்தில் நுழைந்த பிரதி பத்திருபது ஆண்டுகள் பலர் கைக்குப் போகும். வாங்க வசதியில்லாத மாணவருக்கும் கிடைக்கும். ஆகவே விண்ணப்பிக்கத் தவறக் கூடாது. ஆனால் ஆணை வரும் என்று நம்பி முன்கூட்டியே ஆயிரம் பிரதி அச்சடிப்பது தற்கொலைக்குச் சமம். இதோடு ஒரு கடமையும் சேரும்: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். தானே பதிப்பிப்பவரும் பதிப்பாளரே. பலர் இதைச் செய்வதில்லை. செய்யாதவரின் நூல் பின்னாளில் தேடுபவருக்குக் கிடைக்காமலே போகும்.

நேரில் கொண்டுபோதல்

எஞ்சியிருப்பது செல்லப்பாவின் வழி. உப்பளத் தொழிலாளரைப் பற்றி நாவல் எழுதியவர் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் போக வேண்டும். விசைத்தறியைப் பற்றி எழுதியவர் குமாரபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் போக வேண்டும். அங்கே கலை இலக்கிய அமைப்புகளின் கிளைகள் உண்டு, வாசிப்பு வட்டங்கள் உண்டு, கல்லூரித் தமிழ்த் துறைகள் உண்டு, தன் வாழ்க்கை எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க விரும்பும் மக்கள் உண்டு. பதினைந்து பேர் கூடிய கூட்டத்தில் எட்டுப் பிரதி விற்கலாம். அந்த எட்டும் வாசிக்கப்படும். வாசித்தவர் இன்னொருவருக்குச் சொல்வார். ஊருக்குப் போய் வந்தபின் கேட்பவர்களுக்கு அஞ்சலில் அனுப்பலாம். 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் கல்வி, சமூக, பண்பாட்டு நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும் 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும், வரி தனியாக, அனுப்ப முடிகிறது.

இந்த வழிக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. எழுத்தாளரின் வேலை எழுதுவது, விற்பதா என்று கேட்பார்கள். பதிப்பாளர் கிடைத்தவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். தானே பதிப்பித்தவர் அந்த வேலையையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். வீட்டுப் பொறுப்பில் கட்டுண்ட பெண்களும், உடல்நலம் இடங்கொடாதவர்களும், பேசக் கூசுபவர்களும் ஊர் ஊராகப் போக முடியுமா என்பது அதைவிடக் கனமான கேள்வி. முடியாதுதான். அவர்களுக்காக நண்பர் ஒருவர் போகலாம், இணையவழி வாசிப்பு வட்டங்களில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம், உ.வே.சா. வழியில் முன்பதிவு சேர்க்கலாம். செல்லப்பா இதில் பணம் சேர்க்கவில்லை என்பதும் உண்மை. அவர் பட்ட வறுமையைப் புகழ்ந்து பிறரை அதற்கு அழைப்பது நேர்மையாகாது. நூறு நூறாக அச்சிடும் வசதி அவருக்கு இல்லை, நமக்கு இருக்கிறது. அவர் சுமந்த நட்டத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை.

காலம் யார் பக்கம்?

இத்தனை வழிகளையும் எடைபோட்டபின் அடிப்படைத் தவறு ஒன்று தெளிவாகிறது. நூல் வந்த முதல் மாதத்தில் எல்லா ஓசையையும் எழுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் பெரிய பதிப்பகங்களிடமிருந்து கடன் வாங்கியது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான பிரதிகளில் பணம் முடங்கிக் கிடக்கும். அடுத்த நூலுக்கு இடம்விட வேண்டும். ஆகவே அவசரம் நியாயம். நூறு பிரதி அச்சிட்டவருக்கு அந்த நெருக்கடி இல்லை. காலம்தான் அவருடைய ஒரே முதலீடு. அதைத்தான் அவர் ஒரு மாதத்தில் வீணடிக்கிறார்.

செல்லப்பாவின் வாடிவாசல் 1959-ல் எழுத்து பிரசுரமாக வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. கிராஃபிக் நாவல் 2023-ல். தமிழிலும் அதன் மறுபதிப்புகள் பெருகியது அவர் மறைவுக்குப் பின்பே. எல்லா நூலும் வாடிவாசல் ஆகாது. ஆனால் நல்ல நூல் எந்த ஆண்டிலும் புதிய வாசகரைச் சந்திக்கும் என்பதற்கு அது சான்று. சந்திக்க வேண்டுமென்றால் அந்த ஆண்டில் நூல் கிடைக்க வேண்டும். ஆகவே பிரதி தீரும்போதெல்லாம் மறுஅச்சு எடுப்பதும் விற்பனைப் பணிதான்.

ஒரு நிபந்தனையும் உண்டு. வாய்வழிப் பரவலை நம்பும் வழி, வாசித்தவர் மனமுவந்து பிறருக்குச் சொல்லும் அளவுக்கு நூல் செப்பமாக இருந்தால் மட்டுமே செல்லும். எழுத்துப்பிழையும் சுருக்கப்படாத அத்தியாயங்களும் நிறைந்த நூலை எந்த விளம்பரமும் காப்பாற்றாது. விழாவுக்கு எடுத்துவைத்த பதினைந்தாயிரத்தை நல்ல எடிட்டருக்கும் மெய்ப்புத் திருத்துநருக்கும் கொடுத்தால் அதுவே முதல் விளம்பரம்.

என் தீர்ப்பு இது. அச்சுக்கு முன் முன்பதிவு சேருங்கள்; அந்த எண்ணிக்கையோடு ஐம்பது கூட்டி மட்டும் அச்சிடுங்கள். விழாவை விட்டுவிடுங்கள். புகழுரைக் கொடுக்கல் வாங்கலில் கலக்காதீர்கள். கிண்டிலில் வையுங்கள், நூலகத்துக்கு விண்ணப்பியுங்கள், கன்னிமாராவுக்குப் பிரதி அனுப்புங்கள். அதன்பின் மாதம் ஒரு சிறு கூட்டம் என்று இரண்டு ஆண்டு நூலோடு நடந்துபோங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறியாத ஒருவரின் நூல் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதை வாங்கும்படி இன்னும் இரண்டு பேரிடம் பெயர் சொல்லிக் கூறுங்கள். தானே பதிப்பிக்கும் எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய உதவியை வேறு எவராலும் செய்ய முடியாது.